இடப்பக்கத்துக் குரல்

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் என்பதால் பாடகர் குழுவில் எல்லாரும் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைக்கச் சொல்லி, எதிர்ச் சுவரில் மாட்டிய அட்டையைப் படிக்க வைப்பது அவள் வேலை. "அதுக்குக் கீழ் வரி? அதுக்கும் கீழ?" என்று பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போய் நின்றால், கையில் கொடுக்கிற தாளை அவளுக்கே படிக்கத் தெரியாது. ஐந்து கோடுகளும் அவற்றின்மேல் ஏறியும் இறங்கியும் உட்கார்ந்திருக்கும் புள்ளிகளும் அவளுக்குக் கொடிக்கயிற்றில் காயப்போட்ட துணி மாதிரிதான் தெரியும்.

இது குழுவில் யாருக்கும் தெரியாது. பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்ட்டோ வரிசையில் அவள் நிற்க ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஒரு சுரம் பிசகியதில்லை. பியானோ வாசித்துக்கொண்டே குழுவை நடத்துகிற டீச்சர் அவளைவிடப் பத்து வயது சின்னவள், கறார்ப் பேர்வழி. அவளே சில நாள் மற்றவர்களைத் திட்டும்போது, "கண்ணாடியக்காவைப் பாருங்க. தாளைக் கையில வாங்கின உடனே குண்டூசி குத்தற மாதிரி நோட்ல போய் நிக்கறாங்க" என்பாள். கண்ணாடியக்கா தலையைக் குனிந்துகொள்வாள். பணிவு என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் வேறு. அவளுக்கு இடப்பக்கம் நெட்டையக்கா நின்றாள். நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள், ஆள் பனை உயரம். புதுப் பாட்டின் தாளைச் செய்தித்தாள் மாதிரி விரித்து, பார்த்த மாத்திரத்தில் பாடிவிடுவாள். கண்ணாடியக்காவுக்குக் காது கூர்மை. நெட்டையக்கா வாயிலிருந்து சுரம் விழுந்து தரையைத் தொடுவதற்குள் இவள் பிடித்துக்கொள்வாள். இமைக்கிற நேரம்கூடப் பின்தங்க மாட்டாள். அந்தச் சுரத்துக்கு முன்னால் நெட்டையக்கா மூக்கால் சிறிதாக மூச்சு இழுப்பாள்; அந்த "உஸ்" கேட்டால் போதும், இவளும் தயாராகிவிடுவாள்.

நெட்டையக்காவுக்கு மட்டும் இந்த ரகசியம் தெரியும்.

"ஏண்டி, எனக்குச் சளி புடிச்சா நீயும் மூக்காலயே பாடுவியா?"

"உங்களுக்குச் சளி புடிக்காதுக்கா. அவ்வளவு உயரத்துக்கு அதால ஏற முடியாது."

"போடி. ஒரு மாசம் எங்கூட உக்காரு, நானே நோட்ஸ் சொல்லித் தரேன்."

"அடுத்த மாசம்க்கா" என்பாள் இவள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. ஒரு மழைக்காலக் காலையில் வேலைக்குக் கிளம்பிய நெட்டையக்கா, பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேருந்து வந்தபோது எழுந்திருக்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து நடத்துநர் இரண்டு முறை விசில் அடித்தாராம்.

அடுத்து வந்த சில வாரங்கள் பழைய பாட்டுகளாகவே போனதில் கண்ணாடியக்கா தப்பித்தாள். அவையெல்லாம் மனப்பாடம். இடப்பக்கத்து இடத்தை மட்டும் யாரும் நிரப்பவில்லை. வரிசை தானாகவே அங்கே ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டு நின்றது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் புதுத் தாள்களை நீட்டினாள். இன்னும் நகல் எடுத்த சூடுகூட ஆறவில்லை. பயிற்சி நடக்கிற மாடிக்கூடம் முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்தது. உயரமான கூரை, அழுக்கேறிய பெரிய ஜன்னல்கள், சுற்றும்போது கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. "மழையைப் பத்தின பாட்டு. முதல் தடவையே முழுசாப் பாடிப் பாத்துடலாம். எங்கயும் நிக்கக் கூடாது" என்றாள் டீச்சர்.

கண்ணாடியக்கா தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வாயை மட்டும் அசைத்துச் சமாளித்துவிடலாம் என்று முடிவு செய்தாள். டீச்சர் கையை உயர்த்தினாள்.

"உஸ்."

இடப்பக்கம், அவள் காதுக்குக் கொஞ்சம் மேலே, யாரோ மூக்கால் மூச்சு இழுத்தார்கள். அடுத்த நொடி சுரம் வந்தது. அதே கனத்த, சற்றே கரகரத்த குரல். யோசிக்க நேரமில்லை, பழக்கதோஷத்தில் இவள் குரல் போய் ஒட்டிக்கொண்டது. ஏறும் இடத்தில் ஏறியது, இறங்கும் இடத்தில் இறங்கியது. பாட்டு முடிந்தபோது டீச்சர் பியானோவிலிருந்து எழுந்தே விட்டாள்.

"பாத்தீங்களா? ஆல்ட்டோ மட்டும்தான் ஒரு தப்பும் இல்லாம வந்தது. அக்கா, உங்களை வெச்சுதான் அந்த வரிசையே நிக்குது."

கண்ணாடியக்கா மெதுவாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வரிசை ஏறி நிற்கிற பலகைப்படி வெறுமையாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் ஆலையில் கொதிகலன் பக்கத்திலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். ஒரு காது முழுசாகப் போய்விட்டது, இன்னொன்று அரைகுறை. அவள் மூன்று தரம் கத்திச் சொன்ன பிறகுதான் விஷயம் உள்ளே போனது.

"எனக்குப் பக்கத்துல உக்காந்து பேசறவங்க குரலே கேக்க மாட்டேங்குது. உனக்குச் செத்தவங்க பாடறது கேக்குதா? குடுத்து வெச்சவடி நீ!"

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபின் பயம் பாதி போய்விட்டது. சொல்லப்போனால் அடுத்த ஞாயிறுக்கு அவள் ஆசையாகத்தான் காத்திருந்தாள். அந்தக் குரல் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. நெட்டையக்கா தன்னை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தாளைக் கையில் பிடித்திருப்பாளே தவிர, கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினாள். இருட்டில் அந்தக் குரல் இன்னும் துல்லியமாகக் கேட்டது.

கொஞ்ச நாளில் ஒரு மாற்றம். முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபின் மறக்க முடியவில்லை. அந்த "உஸ்" நின்றுபோயிருந்தது. குரல் மூச்சு இழுக்காமலே ஆரம்பித்தது. வரிக்கு நடுவில் எல்லாரும் மூச்சு வாங்குகிற இடத்திலும் அது வாங்கவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு, ஒரு வரியிலிருந்து அடுத்ததற்கு, அறுபடாமல் நூல் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அதன்கூடவே போக வேண்டியிருந்ததால் கண்ணாடியக்காவும் மூச்சைக் குறைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்தால் நெஞ்சு எரியும், விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கும். வயசாகுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். புதுப் பாட்டு ஒன்றின் கடைசிப் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு, குரலைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஒரு நீண்ட சுரம். அது இறங்கி இன்னொன்றானது. மறுபடி இறங்கியது. வார்த்தை இல்லை, வெறும் "ஆ". எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. சுற்றிலும் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. பியானோ கேட்கவில்லை. மற்ற குரல்களும் கேட்கவில்லை. அவளும் அந்தக் குரலும் மட்டும் படிப்படியாக, கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே குளிர்ந்தது. அங்கே போய்விட்டால் அப்புறம் மூச்சே தேவைப்படாது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது சுகமாகவும் இருந்தது.

"அக்கா!"

கண்ணைத் திறந்தபோது அவள் பலகைப்படியில் சாய்ந்து கிடந்தாள். டீச்சர் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு முடிஞ்சு போச்சுக்கா. தாள்லயும் ஒண்ணும் இல்ல. நீங்க மட்டும் எங்க போயிட்டே இருந்தீங்க?"

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். நெட்டையக்கா தன்னைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாளா, இல்லை எங்கே நிறுத்துவது என்று நெட்டையக்காவுக்கே தெரியாமல் போய்விட்டதா? தாளில் பாட்டு முடிந்துவிட்டது என்பது தனக்குத் தெரிந்திருந்தால் தானே நின்றிருப்போம் என்பது மட்டும் உறைத்தது.

மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். மறுநாள் கடையில் ஒரு லாரி ஓட்டுநர் அட்டையை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று ஒப்பித்தார். முன்னால் உட்கார்ந்தவர் படித்ததைக் காதால் கேட்டே அவர் மனப்பாடம் செய்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். உரிமத்தைப் புதுப்பிக்க வருகிறவர்களில் பலருக்கு இது வழக்கம். எப்போதும்போல அட்டையைத் திருப்பி, வேறு எழுத்துகள் இருந்த பின்பக்கம் தெரிய மாட்டினாள். ஓட்டுநர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும். அன்று, "பயப்படாதீங்க. கண்ணாடி போட்டா சரியாயிடும். தெரியாம வண்டி ஓட்டறதுதான் ஆபத்து" என்று சொன்னவள், சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"டீச்சர், எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது."

டீச்சர் காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "ஆமா, எனக்கும் பியானோ வாசிக்கத் தெரியாது."

"நெசமாத்தான். ஒரு எழுத்துகூடத் தெரியாது. இத்தனை வருஷமும் காதால கேட்டே பாடினேன்."

டீச்சரின் கை அப்படியே நின்றது. "சரி, நெட்டையக்கா இருந்தவரைக்கும் அவங்களைக் கேட்டுப் பாடினீங்க. அதுக்கப்புறம்? இந்த நாலு பாட்டை யாரைக் கேட்டுப் பாடினீங்க?"

கண்ணாடியக்கா தன் இடப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கூடத்து விளக்கைப் போட்டாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"நாளையிலேர்ந்து வாங்க" என்றாள்.

பாடம் ஆரம்பித்தது. பாட்டு எந்தச் சுரத்தில் வீடு கட்டியிருக்கிறது என்று முதலில் பார். அங்கிருந்து படி ஏறுகிறதா, தாண்டிக் குதிக்கிறதா என்று பார். வாய் குறுக்குக்கோடுகளுக்கு நடுவே ஒரு கட்டத்தில் இருக்கும்போது கண் அடுத்த கட்டத்தில் இருக்க வேண்டும். டீச்சர் மேசையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே இருப்பாள். "தப்பு வந்தா வரட்டும். திரும்பிப் போய்ச் சரி பண்ணாதீங்க. பஸ் ஓடிட்டே இருக்கு, எறங்கி எறங்கி ஏறக் கூடாது." சும்மா இருக்க வேண்டிய இடங்களுக்கும் குறி உண்டு என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியம். கோட்டுக்குக் கீழே சின்னக் கறுப்புக் கட்டி ஒன்று தொங்கினால் அந்தக் கட்டம் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது. "ரெஸ்ட். பாடறது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இது" என்றாள் டீச்சர். கண்ணாடியக்கா எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் அந்தக் கறுப்புக் கட்டிகளைத் தேடிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டாள்.

வீட்டில் புருஷன் துணைக்கு உட்கார்ந்தார். பாட்டு காதில் விழாவிட்டாலும் புள்ளி ஏறுவதும் இறங்குவதும் அவர் கண்ணுக்குத் தெரியும். தாளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவார்; அவள் தாடை ஏறாமல் புள்ளி மட்டும் ஏறினால் மேசையில் ஒரு தட்டு. "ஏமாத்தாதே. உன் கழுத்து நரம்பைப் பாத்தே சொல்லுவேன் நான்." கல்யாணமாகி இத்தனை காலத்தில் தன் மனைவி பாடுவதை அவர் இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததில்லை.

எளிதாக வந்துவிடவில்லை. அழுத நாளும் உண்டு, தாளைக் கசக்கி எறிந்த நாளும் உண்டு. ஞாயிறு பயிற்சியில் கண்ணை விரியத் திறந்துகொண்டு பாடினாள், தப்புகள் வந்தன. கூடவே ஆல்ட்டோ வரிசை முழுவதும் தடுமாறியது. அப்போதுதான் புரிந்தது, அவர்கள் அத்தனை பேரும் இவளைக் கேட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வலப்பக்கம் நின்ற வங்கிக்காரப் பெண் தயங்கித் தயங்கி ஒருநாள், "அக்கா, நான் உங்களைத்தான் நம்பியிருந்தேன்" என்றாள். தான் டீச்சரிடம் படிக்கிற இடத்துக்கு வரச்சொல்லிக் கண்ணாடியக்கா கூப்பிட்டாள். "ஆபீஸ்ல வருஷக் கணக்கு முடிக்கற நேரம்க்கா. அடுத்த மாசம் வரேன்" என்றாள் அந்தப் பெண். அந்த வார்த்தையைக் கேட்டதும் கண்ணாடியக்காவின் பார்வை இடப்பக்கத்து இடைவெளிக்குப் போனது.

இடப்பக்கத்துக் குரல் போய்விடவில்லை. இப்போதெல்லாம் அது இவளுக்கு முன்னால் வராமல், பாட்டின் ஏதாவது ஒரு மூலையில் தொடங்கி, தாளில் இல்லாத வழியில் போகும். கேட்கக் கேட்க இனிமையாக இருக்கும். கூடப் போய்விடத் தோன்றும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் தாளிலேயே வைத்திருப்பாள்.

ஒருநாள் பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு புதுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலைக்குள் பாட்டு ஓடியது. யாரும் பாடவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. கவனித்துக் கேட்டபோது அது அவள் குரலாகவே இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. பரவாயில்லை என்று உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவமனையின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்குக் குழுவைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் வேளை, மண்டபம் நிறைந்த கூட்டம். கொண்டுவந்த பாட்டுகளையெல்லாம் பாடி முடித்தாயிற்று. சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. விழாக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாடிடுங்கம்மா, அவர் வண்டி திரும்பிடுச்சாம்" என்றார். டீச்சர் வரிசையைப் பார்த்தாள். பையில் அடுத்த வாரத்துக்காக எடுத்த நகல்கள் இருந்தன. யாரும் இதுவரை பார்க்காத பாட்டு.

"மெதுவாப் போகலாம். தாளைப் பாத்துப் பாடுங்க" என்று கிசுகிசுத்தபடி நீட்டினாள்.

கண்ணாடியக்காவின் கண் முதலில் ரெஸ்டைத் தேடியது. கடைசி வரிக்கு முந்தின கட்டத்தில், நாலு குரல் வரிசைக்கும் சேர்த்து, ஒரு கறுப்புக் கட்டி தொங்கியது. பியானோவும் வாசிக்காது. மண்டபமே சும்மா இருக்க வேண்டிய இடம்.

பாட்டு தொடங்கியது. அவள் படித்தாள். கண் முன்னால் போயிற்று, குரல் பின்னால் போயிற்று. பாதி தூரத்தில் இடப்பக்கம் அந்தக் குரல் எழுந்தது. இதுவரை இல்லாத அளவுக்கு நெருக்கமாக, காது மடலில் குளிர் படுகிற மாதிரி. அவள் பொருட்படுத்தவில்லை. கறுப்புக் கட்டி வந்தது. எல்லாரும் நின்றார்கள். அவளும் நின்றாள்.

குரல் நிற்கவில்லை.

நிசப்தத்துக்குள் அது தனியாக நீண்டது. அதன்மேல் இன்னொரு குரலும் ஒட்டிக்கொண்டு நீண்டது. கண்ணாடியக்கா வலப்பக்கம் திரும்பினாள். வங்கிக்காரப் பெண் கண்ணை மூடியிருந்தாள். வாய் திறந்திருந்தது, "ஆ" என்ற சுரம் இறங்கிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் மட்டும் ஒரு சுகம். அந்தச் சுகத்தைக் கண்ணாடியக்காவுக்கு அடையாளம் தெரிந்தது.

அவள் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அசையவில்லை. நகத்தைப் பதித்தாள். கண் திறந்தது. தன் தாளை அந்தக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய், கறுப்புக் கட்டியின்மேல் விரலை வைத்தாள். அப்புறம் இடப்பக்கம், தன் தலைக்கு ஓரடி மேலே, ஒருவருமில்லாத இடத்தைப் பார்த்து வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"அக்கா, இங்க நிறுத்தணும். பாட்டு இங்க நிக்குதுக்கா."

வங்கிக்காரப் பெண் நீருக்குள்ளிருந்து எழுந்தவள்போல மூச்சை இழுத்தாள். இடப்பக்கத்துக் குரலும் நின்றது. டீச்சரின் கை இறங்கியது. கடைசி வரி எல்லாரையும் சேர்த்துக்கொண்டு போய் முடிந்தது. கூட்டம் கைதட்டியது. அந்த நீண்ட சுரமும் பாட்டில் உள்ளதுதான் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

மேடையிலிருந்து கீழே வந்ததும் வங்கிக்காரப் பெண் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு அந்தப் பக்கம் நின்னு பாடினது யாரு?"

"உனக்குக் கேட்டுச்சா?"

"போன மாசத்துலேர்ந்தே கேக்குது. நீங்க தடுமாறின நாள்லேர்ந்து. நான் அதைத்தான் புடிச்சுக்கிட்டுப் பாடினேன். ரொம்ப நல்லாப் பாடறாங்கக்கா."

"ஆமா. நல்லாத்தான் பாடுவாங்க" என்றாள் கண்ணாடியக்கா. அந்தப் பெண்ணின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் சிறப்பு விருந்தினரின் வண்டி உள்ளே நுழைந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

வங்கிக்காரப் பெண் அதன்பிறகு பயிற்சிக்கு வரவில்லை. கேட்டால் வேலை அதிகம் என்றாள். கண்ணாடியக்கா அடுத்த ஞாயிறே ஒரு காரியம் செய்தாள். வரிசையில் ஓரடி இடப்பக்கம் நகர்ந்து, வெறுமையாகக் கிடந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள். நின்றபோது பாதங்கள் சில்லிட்டன. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. பயிற்சிக்கு முன்னால் ஆல்ட்டோ வரிசையை உட்கார வைத்து டீச்சர் எல்லாருக்கும் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். யாருக்கும் விலக்கு இல்லை. குரல் மறுபடி கேட்டதா என்று புருஷன் அவ்வப்போது விசாரிப்பார். இல்லை என்று தலையாட்டுவாள். அவருக்கு அது நல்ல செய்தி. அவளுக்கு அதில் பாதிதான் நல்ல செய்தி.

வெயில் காலம் முடிகிற சமயம், பயிற்சி தொடங்க இன்னும் நேரமிருக்கையில், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வங்கிக்காரப் பெண் வாசலில் நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"பாட்டை விட்டுட்டு இருக்க முடியலக்கா. ஆனா பயமா இருக்கு. முதல்லேர்ந்து சொல்லித் தருவீங்களா?"

"வா, உக்காரு."

இரண்டு பேரும் ஜன்னலோரம் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எளிய பாட்டுதான், இரண்டே வரி. கண்ணாடியக்கா தாளம் தட்டினாள். பெண்ணின் குரல் நடுங்கினாலும் புள்ளிக்குப் புள்ளி சரியாகப் போனது. முதல் வரி முடிவில் ரெஸ்ட். இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

மின்விசிறி கிறீச்சிட்டது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். பெண்ணின் கை தாளின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், காதைத் தீட்டிக்கொண்டு, அந்தக் கட்டம் முடியும்வரை காத்திருந்தார்கள்.

கண்ணாடியக்கா விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.